சிமெண்ட் தரையில் பூஞ்சை: ஓதம் வரும் வழியைக் கண்டுபிடிப்பது முதல் தரையைக் காய வைப்பது வரை முழுமையான வழிகாட்டி

ஐப்பசி அடைமழை தொடங்கி இரண்டு மூன்று வாரம் ஆனதும் கோரைப் பாயைச் சுருட்டிப் பாருங்கள். பாயின் பின்னல் வரிகள் அப்படியே சாம்பல் நிறத்தில் தரையில் பதிந்திருக்கும். விரலால் தொட்டால் வழுவழுவென்று இழுபடும். ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்தது போல ஒரு மக்கிய வாடை வரும். பீரோவின் அடியிலும், அரிசி மூட்டை வைத்த மூலையிலும், கட்டிலுக்குக் கீழே தள்ளிய அட்டைப் பெட்டிகளின் அடியிலும் இதே கதைதான். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் தரைத்தள வீடுகளுக்கு இது வருடா வருடம் வரும் தொல்லை.

பெரும்பாலானவர்கள் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, தேய்த்துக் கழுவிவிடுகிறார்கள். தரை பளிச்சென்று ஆகிவிடும். பதினைந்து நாளில் அதே இடத்தில் திரும்பப் பூக்கும். பிளீச்சிங் பவுடர் சரியில்லை என்று வேறு கடையில் வேறு பாக்கெட் வாங்குவார்கள். குறை பவுடரில் இல்லை. பூஞ்சை வித்துகள் எப்போதும் காற்றில் இருப்பவை. அவை முளைக்கத் தேவையான ஈரத்தைத் தரைதான் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அந்த ஈரம் கீழிருந்து வருகிறதா, பக்கத்திலிருந்து வருகிறதா, மேலே காற்றிலிருந்து படிகிறதா என்று தெரியாமல் செய்யும் எந்தச் சுத்தமும் ஒரு மழை தாங்காது. அதனால் இந்த வழிகாட்டியில் பிரஷ்ஷைக் கையில் எடுப்பதற்கு முன்பே பாதி வேலை இருக்கிறது.

முதலில், அது பூஞ்சைதானா?

சிமெண்ட் தரையில் மூன்று விஷயங்களை மக்கள் ஒன்றாக நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள்: பூஞ்சை, உப்பு, பாசி. மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

உப்பு பூப்பது வெள்ளையாக, மாவு தூவியது போல இருக்கும். விரலில் எடுத்து நசுக்கினால் நறநறவென்று பொடியாகும். அதன் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் பெரும்பாலும் கரைந்து மறையும், காய்ந்ததும் திரும்பத் தெரியும். வெள்ளைப் பூஞ்சை அப்படிக் கரையாது. தண்ணீர் பட்டால் பஞ்சு நனைந்தது போலப் படுத்துக்கொள்ளும், நசுக்கினால் பொடியாகாமல் இழுபடும். கைபேசி விளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்து அடித்துப் பார்த்தால் பூஞ்சையின் மெல்லிய முடிகள் நிழலோடு தெரியும். உப்பில் படிகங்கள் மினுமினுக்கும்.

பாசிக்கு வெளிச்சம் வேண்டும். பச்சையாக, வழுக்கலாக, வாசற்படி, துவைக்கும் கல், மொட்டை மாடி, கார் நிறுத்தும் இடத்தின் ஓரம் என்று வெயில் அல்லது வெளிச்சம் படும் ஈரமான இடங்களில் வரும். இருட்டான பீரோ அடியில் கறுப்பாகவோ சாம்பலாகவோ வருவது பாசி அல்ல.

உப்பு மட்டும் இருந்தால் பூஞ்சைக்கான மருந்து எதுவும் வேண்டாம். உலர்ந்த நிலையில் பிரஷ்ஷால் தேய்த்து அள்ளிவிடுங்கள். ஆனால் அதை ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தரைக்குள் பயணம் செய்து மேலே வந்து ஆவியாகும்போதுதான் உப்பை விட்டுச் செல்கிறது. உப்பு பூத்த தரையில் கீழிருந்தோ பக்கத்திலிருந்தோ ஓதம் ஏறுகிறது என்று பாதி உறுதியாகச் சொல்லலாம்.

ஈரம் எந்த வழியாக வருகிறது: பாலிதீன் சோதனை

ஹார்டுவேர் கடையில் 400 கேஜ் பாலிதீன் ஷீட் கேளுங்கள். அது 100 மைக்ரான் தடிமன். நிறமில்லாததாக இருக்கட்டும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி சதுரமாக மூன்று துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். பூஞ்சை வந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒன்று, அறையின் நடுவில் ஒன்று, வெளிச்சுவரை ஒட்டி ஒன்று என்று விரித்து, நான்கு பக்கமும் காற்றுப் புகாதபடி அகலமான டேப்பால் ஒட்டுங்கள். ஒட்டும் இடத்தில் தரையைத் துடைத்துக் காயவிட்டால்தான் டேப் பிடிக்கும். குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். ஒரு முழு நாள் விட்டால் இன்னும் நல்லது. நேரடி வெயில் படும் இடத்திலும் ஏசி ஓடும்போதும் செய்தால் முடிவு குழம்பும்.

ஷீட்டைப் பிரிக்கும் முன் அதன் மேல்புறத்தைத் தடவிப் பாருங்கள். பிறகு பிரித்து அடிப்புறத்தையும் தரையையும் பாருங்கள். அடிப்புறத்தில் நீர்த்துளி இருந்தாலோ, ஷீட் மூடியிருந்த சதுரம் மட்டும் சுற்றியுள்ள தரையைவிடக் கறுத்து ஈரமாகத் தெரிந்தாலோ, ஓதம் கீழிருந்து ஏறுகிறது. அடியில் காய்ந்திருந்து மேல்புறம் நசநசவென்று இருந்தால், காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த தரையில் படிகிறது. சுவரை ஒட்டிய துண்டு மட்டும் நனைந்திருந்தால், சுவர் வழியாகவோ குழாய்க் கசிவிலிருந்தோ வருகிறது.

மழைக்காலத்தில் ஒரு முறையும் சித்திரையில் ஒரு முறையும் இதைச் செய்தவர்களுக்கு விஷயம் இன்னும் தெளிவாகும். கோடையிலும் ஷீட்டின் அடி நனைகிறது என்றால் நிலத்தடி நீர்மட்டம் மட்டும் காரணமாக இருக்காது; கசிவைத் தேட வேண்டும்.

கசிவைத் தேட எளிய வழி மேல்நிலைத் தொட்டிதான். இரவு படுக்கும் முன் மோட்டாரை நிறுத்தி, எல்லாக் குழாய்களையும் மூடி, தொட்டியின் உள்பக்கம் நீர் நிற்கும் உயரத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். காலையில் யாரும் தண்ணீர் எடுக்கும் முன் பாருங்கள். கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் எங்கோ போகிறது. கழிவறை ஃப்ளஷ் தொட்டி சத்தமில்லாமல் ஒழுகுவதை முதலில் சரிபார்த்துவிட்டு, பிறகு சுவருக்குள் போகும் குழாயைச் சந்தேகப்படுங்கள். வீட்டை ஒட்டிய நிலத்தடித் தொட்டிக்கும் இதே சோதனை செய்யலாம். சம்ப் சுவரில் விரிசல் விட்டு, பக்கத்து அறைத் தரைக்கு வருடக்கணக்காகத் தண்ணீர் போய்க்கொண்டிருப்பது அபூர்வமல்ல.

காற்றிலிருந்து படியும் ஈரம்

இதைப் பலர் நம்பவே மாட்டார்கள், அதனால் கொஞ்சம் விரிவாக. காற்றின் வெப்பநிலை 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கடலோர ஊர்களில் இது சாதாரணம். அந்தக் காற்று 26 டிகிரிக்குக் குளிர்ந்தால் போதும், நீராகப் படியத் தொடங்கும். இரவு முழுவதும் ஏசி ஓடிய அறையின் தரை 24 டிகிரியில் இருக்கும். காலையில் ஏசியை அணைத்து, காற்று வரட்டும் என்று ஜன்னலைத் திறந்தால், ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் வேர்ப்பது போலத் தரை வேர்க்கும். பெருக்குகிறவர் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத்தான் படியும். ஆனால் பாய்க்கு அடியில், காற்றோட்டமில்லாமல், அது பகல் முழுவதும் காயாது. பூஞ்சைக்கு அது தாராளம்.

ஏசி இல்லாத தரைத்தள அறைகளிலும் இது நடக்கும். நாலு நாள் மழையில் குளிர்ந்துபோன தரை, வெயில் அடித்த ஐந்தாம் நாள் வெளியே புழுக்கமாக இருக்கும்போது வேர்க்கும். அப்படிப்பட்ட நாளில் ஜன்னலைத் திறந்து வைப்பதைவிட மூடி வைப்பதே நல்லது.

சிமெண்டைப் பூஞ்சை தின்கிறதா?

இல்லை. சிமெண்டில் அதற்குச் சத்து எதுவும் இல்லை. தரையில் படிந்த தூசி, சோப்புக் கசடு, எண்ணெய், அட்டைத் துகள், சாக்கின் சணல் தூள் ஆகியவைதான் அதன் சாப்பாடு. ரெட் ஆக்சைடு தரை மினுமினுக்க வேண்டும் என்று தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. வெயில் காலத்தில் அது பார்க்க அழகு. மழைக்காலத்தில் அந்த எண்ணெய்ப் படலமே பூஞ்சைக்கு விருந்து. புரட்டாசிக்குப் பிறகு தை வரை எண்ணெய் தடவாதீர்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். புதிதாகப் போட்ட சிமெண்ட் தரை சுண்ணாம்பு போலக் கடுங்காரம். அதன் பிஎச் 12-க்கு மேல். அந்தக் காரத்தில் பூஞ்சை எளிதில் வளராது. வருடங்கள் போகப் போகக் காற்றிலுள்ள கரியமில வாயு பட்டு மேற்பரப்பின் காரம் 9-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். பழைய தரையில்தான் பூஞ்சை அதிகம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். டைல்ஸ் கழுவும் ஆசிட்டை ஊற்றித் தேய்ப்பவர்கள் அந்தப் பாதுகாப்பைத் தங்கள் கையாலேயே கரைத்துவிடுகிறார்கள். ஆசிட் சிமெண்ட் பாலைத் தின்று, வழவழப்பான தரையைச் சொரசொரப்பாக்கும். அந்தக் குழிகளில் அடுத்த வருடம் அழுக்கும் பூஞ்சையும் இன்னும் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். வினிகரும் ஆசிட்தான். மெதுவாக அரிக்கும், ஆனால் அரிக்கும். சிமெண்ட், ரெட் ஆக்சைடு, மொசைக் மூன்றுக்கும் இரண்டும் வேண்டாம்.

வேலை தொடங்கும் முன்

10 அடிக்கு 12 அடி அறை ஒன்றுக்கு இவை போதும்:

- என்95 முகக்கவசம் 2 (துணி மாஸ்க் உதவாது), முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, கண்ணை மூடும் கண்ணாடி
- கெட்டியான நைலான் முடி பிரஷ், நீளக் கைப்பிடியோடு ஒன்று, மூலைகளுக்குச் சின்னது ஒன்று
- இரண்டு வாளி, ரப்பர் வைப்பர், பழைய பருத்தித் துணி நிறைய
- தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டில்
- துணி சோப்புத் தூள் 100 கிராம்
- வெங்காரம் 300 கிராம் (ஆங்கிலத்தில் போராக்ஸ்; நாட்டு மருந்துக் கடையில் இந்தப் பெயரிலேயே கிடைக்கும், படிகாரத்தைக் கொடுத்துவிடப் போகிறார்கள், பார்த்து வாங்குங்கள்)
- கெட்டியான குப்பைப் பைகள்

இரும்புக் கம்பி பிரஷ் வாங்க வேண்டாம். அதன் துகள் தரையில் தங்கித் துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளிகளாக நிற்கும். ரெட் ஆக்சைடு தரையில் கீறல் போகவே போகாது.

ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், சிறுநீரக மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் அன்று அந்த வீட்டிலேயே இருக்க வேண்டாம். பூஞ்சை பிடித்த பரப்பு மூன்றடிக்கு மூன்றடி அளவுக்குள் இருந்தால் தயங்காமல் நீங்களே செய்யலாம். முழு அறையும், சுவரும், கூரையும் சேர்ந்து கறுத்திருந்தால் அனுபவமுள்ள ஆட்களைக் கூப்பிடுவதே சரி.

அறையின் உள்கதவை மூடி, அடி இடுக்கில் ஈரத்துணி வையுங்கள். வெளிப்புற ஜன்னல் திறந்திருக்கட்டும். மின்விசிறி போடக் கூடாது. இது முக்கியம்: காய்ந்த பூஞ்சையின் மேல் விசிறி அடித்தால் வித்துகள் வீடு முழுவதும் பரவி, இன்று ஒரு மூலையில் இருப்பது அடுத்த மாதம் துணி அலமாரியில் இருக்கும்.

சுத்தம் செய்யும் முறை

1. சாமான்களை வெளியே எடுங்கள். பூஞ்சை பிடித்த அட்டைப் பெட்டி, சணல் சாக்கு, பஞ்சு மெத்தை, மிதியடி ஆகியவற்றை அறைக்குள்ளேயே பையில் போட்டுக் கட்டி வெளியேற்றுங்கள். இவற்றைக் கழுவிக் காப்பாற்ற முயல்வது வீண்வேலை. கோரைப் பாயில் லேசாக இருந்தால் சோப்புத் தண்ணீரால் துடைத்து இரண்டு முழு நாள் வெயிலில் போட்டுப் பார்க்கலாம். வாடை போகவில்லையென்றால் அதுவும் குப்பைக்குத்தான்.

2. துடைப்பத்தை எடுக்காதீர்கள். முதலில் ஸ்ப்ரே பாட்டிலால் பூஞ்சை மேல் மெல்லிய தூறலாகத் தண்ணீர் தெளியுங்கள். நனைந்த பூஞ்சை பறக்காது. ஈரத்துணியால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைத்து, அந்தத் துணியை அலசாமல் பையில் போடுங்கள்.

3. 5 லிட்டர் வெந்நீரில் 50 கிராம் சோப்புத் தூள் கரைத்து, நான்கடிக்கு நான்கடி பகுதியாகப் பிரித்துக்கொண்டு தேயுங்கள். ஒரே திசையில் அல்ல, குறுக்கும் நெடுக்குமாக. சிமெண்டின் நுண்துளைகளுக்குள் இருக்கும் வேரைக் கிளப்புவது தேய்ப்புதான். எந்த மருந்தும் அந்த வேலையைச் செய்யாது. சுவரும் தரையும் சேரும் மூலையில் சின்ன பிரஷ்ஷால் இன்னொரு முறை தேயுங்கள்.

4. அழுக்குத் தண்ணீரை வைப்பரால் ஒன்று சேர்த்து, துணியால் ஒற்றி எடுங்கள். அறை முழுக்கத் தள்ளிக்கொண்டு போகாதீர்கள். நல்ல தண்ணீரால் ஒரு முறை அலசுங்கள்.

5. 5 லிட்டர் சூடான தண்ணீரில் 250 கிராம் வெங்காரத்தைப் போட்டு முழுக்கக் கரையும்வரை கலக்குங்கள். ஆறிய தண்ணீரில் இந்த அளவு எளிதில் கரையாது. 120 சதுர அடிக்கு இந்த 5 லிட்டர் போதும். தரை நனைந்து பளபளக்கும்படி ஊற்றி, 15 நிமிடம் ஊறவிட்டு, மறுபடியும் தேயுங்கள். இடையில் காய்ந்துபோகும் இடத்தில் இன்னும் கொஞ்சம் தெளியுங்கள்.

6. வைப்பரால் தள்ளி எடுங்கள். தவழும் குழந்தையோ நாயோ பூனையோ இருக்கும் வீடென்றால் இரண்டு முறை நல்ல தண்ணீரால் அலசியே ஆக வேண்டும். வெங்காரம் வாய்க்குள் போகக் கூடாது. ஆள் புழங்காத சாமான் அறை என்றால் லேசாகத் துடைத்து விட்டுவிடலாம். தங்கும் வெங்காரம் பூஞ்சை திரும்ப முளைப்பதைக் கொஞ்ச காலம் தடுக்கும். காய்ந்ததும் தெரியும் வெள்ளைப் படிவைப் பார்த்து உப்பு பூத்துவிட்டது என்று பயப்படாதீர்கள். பிறகு சீலரோ (நீர் ஊடுருவாமல் தடுக்கும் பூச்சு) பெயிண்டோ அடிப்பதாக இருந்தால் அந்தப் படிவை அலசாமல் அடிக்கக் கூடாது, ஒட்டாது.

வெங்காரம் கிடைக்கவில்லையென்றால் மருந்துக் கடை ஹைட்ரஜன் பெராக்சைடு நல்ல மாற்று. நம் ஊரில் பொதுவாகக் கிடைப்பது 6 சதவீதம். சம அளவு தண்ணீர் சேர்த்தால் 3 சதவீதம் ஆகும். தெளித்தால் நுரைத்துப் பொங்கும். 10 நிமிடம் விட்டுத் தேய்த்து அலசுங்கள். வெளிச்சத்தில் சக்தி இழக்கும் பொருள் என்பதால் கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள். சின்ன இடத்துக்கு இதுதான் சுலபம், பெரிய அறைக்குச் செலவு கூடும்.

பிளீச்சிங் பவுடர் எப்போது?

வெள்ளத் தண்ணீரோ சாக்கடைத் தண்ணீரோ புகுந்த தரைக்கும், கழிவறைக்கும், வாசல், கார் நிறுத்துமிடம் போன்ற வெளியிடங்களுக்கும் பயன்படுத்தலாம். உள் அறைகளுக்கு முதல் மருந்தாக வேண்டாம். குளோரின் மேற்பரப்பிலேயே தீர்ந்துவிடும்; அதோடு ஊற்றிய தண்ணீர் மட்டும் சிமெண்டுக்குள் இறங்கி அடியில் இருக்கும் பூஞ்சைக்கு ஈரம் கொடுக்கும். கறை வெளுத்துவிடுவதால் வேலை முடிந்தது என்று தோன்றுவதுதான் பெரிய ஆபத்து. செத்த பூஞ்சையும் மூச்சுக்குள் போனால் தும்மலையும் இளைப்பையும் கொடுக்கும். அதைத் தேய்த்து அகற்றத்தான் வேண்டும்.

அளவு: 30 சதவீத குளோரின் உள்ள நல்ல பவுடர் என்றால் லிட்டருக்கு 17 கிராம், அதாவது 10 லிட்டர் வாளிக்கு 170 கிராம். கலக்கி 15 நிமிடம் வைத்து, அடியில் சுண்ணாம்பு தங்கியதும் மேலே தெளிந்த நீரை மட்டும் எடுங்கள். பிரித்து வைத்த பாக்கெட் நம் ஊர்க் காற்றில் சீக்கிரம் வீரியம் இழக்கும். மூக்கில் ஏறும் நெடி இல்லாத பவுடர் வெறும் சுண்ணாம்பு. திரவ பிளீச் 5 சதவீதம் என்றால் ஒரு பங்குக்கு 9 பங்கு தண்ணீர். முதலில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் ஊற்ற வேண்டும்; அழுக்கு இருந்தால் குளோரின் அழுக்கோடு மல்லுக்கட்டித் தீர்ந்துவிடும். 10 நிமிடம் ஈரமாகவே வைத்திருந்து, தாராளமாக அலசுங்கள். பீரோ, கட்டிலின் இரும்புக் கால்களில் பட்டால் துருப்பிடிக்கும். மாடித் தரையில் மாதாமாதம் ஊற்றுவதும் நல்லதல்ல. குளோரைடு ஊறி உள்ளே போனால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும்.

பிளீச்சிங் பவுடரோடு ஆசிட், கழிவறை கழுவும் திரவம், வினிகர், அமோனியா எதையும் கலக்கவே கூடாது. ஒன்றுக்குப் பின் ஒன்றாக அலசாமல் ஊற்றுவதும் கலப்பதுதான். குளோரின் போன்ற நச்சு வாயு கிளம்பி, மூடிய அறைக்குள் மூச்சுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அப்படி ஆகிவிட்டால் துடைக்க நிற்காமல் வெளியே ஓடி வந்துவிடுங்கள்.

வெள்ளம் புகுந்த வீடு

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்துத் தரைத்தள வீடுகளுக்குள் நின்றது வெறும் மழைத்தண்ணீர் அல்ல, சாக்கடையும் கலந்தது. அப்படிப்பட்ட வீட்டில் வரிசை மாறும். மெயின் சுவிட்சை அணைத்து, சேற்றை ஈரமாக இருக்கும்போதே மண்வெட்டியால் அள்ளி, சோப்பால் கழுவி, பிளீச்சிங் கரைசல் ஊற்றி, அலசி, பிறகு காய வைக்க வேண்டும். தண்ணீர் வடிந்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய வைக்கத் தொடங்கிவிட்டால் பூஞ்சையின் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். மெத்தை, சோபா, பிளைவுட் அலமாரியின் அடிப்பலகை ஆகியவற்றை மனசைக் கல்லாக்கிக்கொண்டு வெளியேற்றுங்கள். அவை உள்ளேயே இருந்தால் தரை காயாது.

காய வைப்பது

சுத்தம் செய்வது அரைநாள் வேலை. காய வைப்பது மூன்று முதல் ஐந்து நாள் வேலை. இங்கேதான் பலரும் அவசரப்பட்டு பீரோவைத் திரும்ப வைத்துவிடுகிறார்கள்.

முதலில் வைப்பரும் உலர்ந்த துணியும் கொண்டு கையால் எடுக்க முடிந்த ஈரத்தையெல்லாம் எடுங்கள். துணியால் எடுக்கும் ஒரு லிட்டர், காற்று எடுக்க வேண்டிய ஒரு லிட்டரைக் குறைக்கும். பூஞ்சை அகற்றியாகிவிட்டதால் இப்போது மின்விசிறி போடலாம். மேசை விசிறியைத் தரையில் வைத்து, தரையை உரசி காற்று போகும்படி சாய்த்து வையுங்கள்.

ஒரு டிஜிட்டல் ஈரப்பதமானி வாங்குங்கள். சில நூறு ரூபாய்தான். அதைச் சுவரில் மாட்டாமல் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வையுங்கள். 60 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவதுதான் குறி. மழை நின்ற நாட்களில் நண்பகல் முதல் மாலை 4 மணி வரை ஜன்னலைத் திறந்து, எண் இறங்குகிறதா ஏறுகிறதா பாருங்கள். ஏறினால் மூடிவிடுங்கள். அடைமழை நாளில் ஜன்னல், கதவு எல்லாவற்றையும் மூடி, ஏசியை டிரை முறையில் ஓட விடுங்கள். காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் டீஹியூமிடிஃபையர் கருவி இருந்தால் இன்னும் நல்லது. கதவு திறந்திருந்தால் அது தெருக்காற்றைக் காய வைத்துக்கொண்டிருக்கும். கிண்ணத்தில் கல்லுப்பு, அரிசி, கரி வைப்பதெல்லாம் ஓர் அறைக்குப் பயன்படாது. கால்சியம் குளோரைடு டப்பாக்கள் அலமாரிக்குள் வைக்க மட்டும் சரி.

தரை காய்ந்ததா என்று கண்ணால் முடிவு செய்யாதீர்கள். பாலிதீன் துண்டைத் திரும்ப ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். காற்று ஈரத்தால் மட்டும் வந்த பூஞ்சையாக இருந்தால் இப்போது அடி காய்ந்திருக்கும். அப்போதும் நனைந்தால் அடுத்த பகுதியைப் படியுங்கள்.

கீழிருந்து ஏறும் ஓதத்துக்கு

வெளியிலிருந்து தொடங்குங்கள், அது மலிவு. கூரைத் தண்ணீர்க் குழாய் சுவரடியில் கொட்டுகிறதா? குழாயை நீட்டி வெளியேற்றுங்கள். தமிழ்நாட்டில் 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது, இடமில்லாத மனைகளில் பலர் அஸ்திவாரத்தை ஒட்டியே குழி தோண்டினார்கள். சேகரிப்பு வேண்டியதுதான், ஆனால் குழி சுவரை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும். பக்கவாட்டுச் சந்தில் தண்ணீர் வீட்டுப் பக்கம் சாயாமல், மூன்றடி அகலத்துக்கு இரண்டு அங்குலம் வெளிப்பக்கமாகச் சரிவு இருக்கட்டும். செடித் தொட்டிகளையும் மண்மேட்டையும் சுவரடியிலிருந்து அகற்றுங்கள்.

வீட்டின் தரை சுற்றியுள்ள நிலத்தைவிடக் குறைந்தது 45 செ.மீ. உயரமாக இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. கட்டும்போது இருந்த உயரம், தெருவைச் சுரண்டாமல் மேலேயே மேலேயே சாலை போட்டதில் பல பகுதிகளில் காணாமல் போய்விட்டது. சென்னையில் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறவர்கள் சும்மா தூக்கவில்லை. அப்படி நிலத்தோடு நிலமாகிவிட்ட தரைக்கு மேலே எதை அடித்தாலும் தற்காலிகம்தான்.

விரிசல்களை உளியால் அரை அங்குல அகலத்துக்கு விரித்து, தூசி அகற்றி, நனைத்து, எஸ்பிஆர் லேடெக்ஸ் (சிமெண்ட் நன்றாக ஒட்ட உதவும் பால் போன்ற ரப்பர் திரவம்) கலந்த சிமெண்ட் கலவையால் அடையுங்கள். சுவரும் தரையும் சேரும் கோட்டையும் விடாதீர்கள். தரை நன்றாகக் காய்ந்த பிறகு, மாசி பங்குனியில், சிலேன்-சிலாக்ஸேன் வகை ஊடுருவும் சீலர் அடிக்கலாம். அது நீரைத் தடுத்தாலும் ஆவியை வெளியே விடும். தரை மூச்சு விடும்.

ஈரமான தரைக்கு மேல் எபாக்ஸி பெயிண்ட் அடிப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. அடியிலிருந்து ஆவி தள்ளித் தள்ளி, சில மாதத்தில் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, ஆணி வைத்தால் தகடாக உரிந்து வரும். வினைல் ஷீட் விரிப்பது அதைவிட மோசம். மேலே மர டிசைன் அழகாக இருக்கும், தூக்கிப் பார்த்தால் அடி முழுவதும் கறுப்பு. டைல்ஸ் ஒட்டினால் பூஞ்சை மறையும், உப்பு மூட்டுகளில் வெள்ளைக் கோடாக வந்துகொண்டிருக்கும்.

நிரந்தரத் தீர்வு என்றால் தரையை உடைத்துப் போடுவதுதான். மண்ணைக் கெட்டித்து, மணல் பரப்பி, 1000 கேஜ் பாலிதீன் ஷீட்டை அரை அடி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி டேப் ஒட்டி, சுவரோரம் மேலே மடக்கி விட்டு, அதன் மேல் 4 அங்குல கான்கிரீட். ஷீட் ஓட்டையானால் எல்லாமே வீண். கொத்தனார் ஜல்லியைக் கொட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள், ஷீட்டின் மேல் சட்டியை இழுக்க விடாதீர்கள். புதுத் தரை அங்குலத்துக்கு ஒரு மாதம் என்ற கணக்கில்தான் உள்ளே காயும். மழைக்காலத்தில் இன்னும் இழுக்கும். 4 அங்குலத் தரைக்கு நான்கு மாதம் பொறுத்த பிறகுதான் மேலே பெயிண்டோ சீலரோ.

சாமான்களைத் திரும்ப வைக்கும்போது

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே கை நுழையும் அளவு, நான்கு அங்குலம் இடைவெளி. கால்களுக்கு அடியில் மரக்கட்டைக்குப் பதில் கல் அல்லது பிளாஸ்டிக் கட்டை. அரிசி மூட்டை, புத்தகப் பெட்டி எதுவும் நேரடியாகத் தரையில் வேண்டாம்; அரையடி உயரப் பலகையோ இரும்பு ஸ்டாண்டோ போடுங்கள். பாயையும் மெத்தையையும் காலையில் எழுந்ததும் சுருட்டி நிற்க வையுங்கள். உடம்புச் சூட்டில் வேர்த்த தரை அப்போதுதான் காயும். அடியில் ரப்பர் ஒட்டிய மிதியடிகளை மழைக்காலம் முடியும்வரை மடித்து வைத்துவிடுங்கள். அடைமழை நாட்களில் ஈரத் துணியால் தரை துடைப்பதை வாரம் இரண்டு நாளாகக் குறைத்து, துடைத்த உடனே விசிறி போடுங்கள். ஈரத்துணிகளை அந்த அறையிலேயே கொடி கட்டிக் காயப்போட்டால், துணியிலிருந்து போகும் தண்ணீர் முழுவதும் தரைக்குத்தான் வரும்.

ஐப்பசி முதல் மார்கழி வரை பதினைந்து நாளுக்கு ஒரு முறை டார்ச் எடுத்து பீரோ அடியையும் மூலைகளையும் பாருங்கள். காசு அளவில் ஒரு புள்ளி தெரிந்தால், அன்றே 3 சதவீத பெராக்சைடு தெளித்து, பத்து நிமிடத்தில் துடைத்து, பக்கத்தில் விசிறி வைத்துவிட்டால் சின்ன வேலையோடு போய்விடும்.